குரைக்கும் காசு

என் அப்பா தோணியில் தண்டல். நான் தண்டல் கணக்கு எழுதிப் பிழைத்தவன். தூத்துக்குடியில் தோணியின் தலைவரைத் தண்டல் என்றுதான் சொல்வோம். வரி வசூலிப்பதற்கும் அதே சொல்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். பீடியைத் தரையில் அழுத்தி அணைத்துவிட்டு, "நாம குடுக்குற ஆளுல, வாங்குற ஆளு இல்ல" என்றார்.

அவர் கொடுத்தது மாலேயில். பருவக்காற்று அடங்கிய மாதங்களில் வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார். திரும்பி வரும்போது தோணி பெரும்பாலும் காலி. வீட்டுக்கு ஒரு பொட்டலம் மாசிக்கருவாடு வரும், அவ்வளவுதான். நான் படித்து முடித்து ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஷிப்பிங் பில் எழுதச் சேர்ந்தேன். ஒரு பில் நாலு மேசை ஏறி இறங்கி முத்திரை வாங்கி வர அரைநாள் ஆகும். 1996-இல் சிங்கப்பூர் வந்து சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பெர்மிட் போடும் வேலைக்கு உட்கார்ந்தேன். இங்கே 1989 முதலே டிரேட்நெட் என்ற கணினி ஏற்பாடு இருந்தது. தட்டினால் நிமிடக்கணக்கில் அனுமதி வந்து நிற்கும். பெரும்பாலான சரக்குக்குத் தீர்வைக் கட்டத்தில் பூஜ்யம். முதல் வாரம் எனக்கு ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருந்தது. காவல்காரன் இல்லாத வாசலில் நுழைகிறவனுக்கு வருகிற கூச்சம் அது.

இப்போது ஓய்வு. ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போகிறேன். செப்டம்பர் 21 புனித மத்தேயு திருநாள். சுங்க அதிகாரிகளுக்கும் கணக்கர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர் என்பதால், எங்கள் தொழில்காரர்களுக்கு ஒருவகையில் குலசாமி. கப்பர்நாகுமில் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவரை இயேசு கூப்பிட்டார், அவர் எழுந்து பின்னால் போய்விட்டார். பழைய தமிழ் வேதாகமத்தில் அவர் ஆயக்காரன், உட்கார்ந்திருந்த இடம் ஆயத்துறை. இப்போதைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் வரிதண்டுபவர். இங்கேயும் தண்டல் வந்துவிடுகிறது.

நற்செய்தியில் ஆயக்காரரையும் பாவிகளையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். சின்ன வயதில் இது எனக்குப் புரியவில்லை. திருடனையும் விபசாரியையும் பாவி என்பது சரி, ரசீது எழுதுகிறவனை ஏன் சேர்க்க வேண்டும்? வேலைக்குப் போன பிறகு புரிந்தது, ஆனால் பாதிதான். மிச்சப் பாதியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு சின்ன நாடுகளின் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று அப்பா பார்த்த நாடு, மற்றது நான் வாழும் நாடு.

மாலத்தீவு கிட்டத்தட்ட 1,200 தீவுகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலம் 300 சதுர கிலோமீட்டர் அளவுதான். மீனும் தேங்காயும் போக மற்றது எல்லாம் கடலேறி வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் வரி வசூலிக்கத் தீவுதீவாக அலைந்து மீனவனின் வருமானத்தை விசாரிக்க எந்த அரசால் முடியும்? துறைமுகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும், நாட்டின் சாப்பாடு முழுக்க அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் பல பத்தாண்டுகள் அவர்களின் வரி வருமானத்தில் பெரும்பங்கு இறக்குமதித் தீர்வையாகவே இருந்தது. தனிமனித வருமான வரி 2020-இல்தான் வந்தது. 2011-இல் ஒரு திருப்பம். ஜனவரியில் சுற்றுலாவுக்கு ஜி.எஸ்.டி., அக்டோபரில் பொது ஜி.எஸ்.டி. கொண்டுவந்தார்கள். அதற்கு ஈடாக 2012 தொடக்கத்திலிருந்து ஏராளமான பொருள்களுக்குத் தீர்வையை நீக்கினார்கள் அல்லது குறைத்தார்கள். இன்று இறக்குமதித் தீர்வை அரசு வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

சிங்கப்பூரில் சுங்கத்துறை தீர்வை வாங்குவது நான்கே வகைப் பொருளுக்கு: மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியம். அதிலும் கண்டிப்பான அர்த்தத்தில் சுங்கவரி என்பது பீர், ஸ்டவுட், சம்சு போன்ற சில மதுவகைகளுக்கு மட்டும்தான். மற்றது எல்லாம் கலால் வரி என்ற பெயரில். இரண்டையும் சேர்த்தாலும் அண்மை ஆண்டுகளில் அரசு வருமானத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுவதில்லை.

ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் ஐந்துக்குள். பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிங்கப்பூருக்குச் சபாஷ் போடுவார்கள். ஆயக்காரனைப் பாவி என்று சொன்ன வேதத்தை வைத்துப் பார்த்தாலும் சிங்கப்பூர்தான் புண்ணிய நாடு மாதிரித் தெரியும். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு பழைய கணக்கைப் படித்தேன்.

1819-இல் ராஃபிள்ஸ் இந்தத் துறையைத் தீர்வை இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார். கப்பல்கள் குவிந்தன. ஆனால் காவலுக்கும் சாலைக்கும் காசு வேண்டுமே. ராஃபிள்ஸ் பென்கூலனில் இருந்த நேரத்தில், ஊரை நடத்திக்கொண்டிருந்த ஃபார்குவார் 1820-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். அபின், சாராயம், சூதாட்டம் மூன்றையும் குத்தகைக்கு விட்டார். சூதாட்டம் ராஃபிள்ஸுக்குப் பிடிக்கவில்லை, 1823-இல் அதை நிறுத்தினார். அவருக்குப் பின் வந்த கிராஃபர்ட் மறுபடி திறந்துவிட்டார். 1829 வரை அது ஓடியது. அபின் நிற்கவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் சிங்கப்பூரின் வருமானத்தில் பாதிக்குப் பக்கத்தில் அபின் குத்தகையிலிருந்து வந்தது. அதை ஊதியவர்கள் யார்? மூட்டை தூக்கிய, மிளகுத் தோட்டம் வெட்டிய சீனக் கூலிகள். வணிகனின் பட்டும் மிளகும் வாசலில் ஒரு காசு கொடுக்காமல் போய்வந்தன. அந்தச் சலுகைக்கான காசைக் கூலி இரவில் பாயில் படுத்து ஊதிக் கொடுத்தான். 1910-இல் குத்தகையை ஒழித்தார்கள், அபினை அல்ல. அரசே விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முழுத்தடை இரண்டாம் உலகப்போரையொட்டித்தான். நிலையான வருமான வரி 1948-இல்தான். அதுவரைக்கும் வணிகர்கள் அதை நிலைக்கவிடவில்லை.

வாசலில் வாங்காத அரசு வேறெங்கோ வாங்கியே தீரும். இதை நம் ஊர்ச் சரித்திரமும் சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று கொண்டாடுகிறோம், அதே அரசன்தான் 1086-இல் நாடெங்கும் நிலத்தை அளக்கச் செய்தான். சுங்கம் போன இடத்தை நிலவரி நிரப்பியிருக்கும் என்பது என் ஊகம், கல்வெட்டு படித்தவர்கள் திருத்தலாம். ஒரு நாட்டின் தீர்வை எத்தனை சதவீதம் என்ற கேள்வி பெரிய கேள்வி இல்லை. யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. அதற்கும் மேலே இன்னொன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நாய் விற்ற காசு குரைக்குமா என்று கேட்பார்கள் எங்கள் ஊரில். குரைக்காது, அதனால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள் என்று அர்த்தம். நற்செய்தியில் ஒரு இடத்தில் காசு குரைத்தது. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைக் கோவிலுக்குள் எறிந்துவிட்டுப் போகிறான். தலைமைக் குருக்கள் அதைப் பொறுக்கி எடுத்து யோசிக்கிறார்கள்: இது ரத்தத்தின் விலை, காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாது. சரி, என்ன செய்வது? குயவன் நிலத்தை வாங்கி அந்நியரைப் புதைக்கும் இடமாக விடுகிறார்கள். கொலைக்குக் காசு கொடுத்தபோது உறுத்தாத மனம், அதே காசு திரும்பி வந்தபோது விதி பார்க்கிறது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுச் சிங்கப்பூர் சூதாட்டக் கூடங்களை நினைத்துக்கொள்வேன். 2010-இல் இரண்டு திறந்தார்கள். குடிமகனோ நிரந்தரவாசியோ உள்ளே போனால் நாளுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு இலவசம். அந்தக் கட்டணப் பணம் அரசின் பொதுக் கணக்கில் கலப்பதில்லை, டோட் போர்டு என்ற அரசு வாரியம் மூலம் தருமக் காரியங்களுக்குப் போகிறது. குயவன் நிலம் எனக்கு ஞாபகம் வருவதில் தப்பில்லையே? ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அந்தக் குருக்களைவிட இவர்கள் நாணயமானவர்கள். தங்கள் குடிகள் உள்ளே போகாமல் இருக்கத்தான் கட்டணம் வைத்தார்கள். வெளியூர்க்காரனின் நஷ்டத்தைப் பற்றி மட்டும் அவர்களுக்குக் கவலை இல்லை.

அந்த வெளியூர்க்காரன் விஷயத்தில்தான் இரண்டு நாடுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

மாலத்தீவின் 2008 அரசியல் சட்டப்படி இஸ்லாமியர் அல்லாதவர் குடிமகனாக முடியாது. இஸ்லாத்துக்கு மாறான சட்டம் செல்லாது. வழிபாட்டுக்கான சிலைகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற விதி அதைவிடப் பழையது. அப்பாவின் தோணியில் அணியத்துப் பக்கம் பனிமய மாதா படமும் ஒரு சாண் உயரச் சிலையும் இருந்தன. மாலே துறையில் தோணி ஏறிவந்த ஓர் இளம் அதிகாரி சிலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம். கப்பல் சாமான் பெட்டியைக் காட்டி, புறப்படும்வரை இதில் இருக்கட்டும் என்று சைகை செய்தார். அப்பா எடுத்து வைப்பதற்குள் அவரே ஒரு துவாலையை எடுத்துச் சிலையைச் சுற்றிக் கொடுத்தாராம். பெட்டிக்கு முத்திரை. "மாதாவுக்கும் ஸீல் வச்ச ஒரே நாடுல அது" என்று அப்பா சொல்வார். கோபமாகச் சொன்னதில்லை. அந்தத் துவாலையை மறக்காமல் சேர்த்துச் சொல்வார்.

மாதாவுக்கு முத்திரை வைத்த அதே வாசல் வழியாகத்தான் மதுவும் பன்றி இறைச்சியும் ரிசார்ட் தீவுகளுக்குப் போகின்றன. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது முதல் உள்ள கதை இது. மாலேக்காரன் குடித்தால் குற்றம், மாலேயிலிருந்து படகில் போகிற ஜெர்மன்காரன் குடித்தால் வருமானம். உள்ளே வரும்போது தீர்வை, கிளாஸில் ஊற்றி விற்கும்போது சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் அது நூற்றுக்கு 17. 2011 டிசம்பரில் மாலேயில் இஸ்லாத்தைக் காக்கக் கோரிப் பெரும் கூட்டம் கூடியது, கோரிக்கைகளில் மதுவும் இருந்தது. அடுத்த மாதம் அரசு உச்ச நீதிமன்றத்திடம் நேரடியாகவே கேட்டது: இஸ்லாத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டத்தின்கீழ் மதுவையும் பன்றி இறைச்சியையும் இறக்குமதி செய்யலாமா? இது நாங்கள் கருத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்டது அரசியல் சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ஓர் அரசு தன் வருமானத்தைக் காட்டி, இது ஆகுமானதா என்று சட்டத்தின் வாசலில் போய்க் கேட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அபினில் வாழ்ந்த சிங்கப்பூரின் பழைய ஆட்சிக்காரர்கள் யாரும் தங்கள் நீதிபதியிடம் அப்படிக் கேட்கவில்லை.

இஸ்லாத்தில் இந்தக் கேள்விக்கு நீண்ட வயது. மக்ஸ் என்று சொல்லப்படும் அநியாய வாசல்வரியைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழிகள் உண்டு. அதே மரபில் கலீபா உமர் வணிகர்களிடம் தீர்வை வாங்க ஏற்பாடு செய்ததும் உண்டு: முஸ்லிம் வணிகரிடம் நாற்பதில் ஒன்று, பாதுகாப்பு பெற்ற பிற மதத்தவரிடம் இருபதில் ஒன்று, வெளிநாட்டுக்காரரிடம் பத்தில் ஒன்று. அவர்கள் ஊரில் நம் ஆட்களிடம் பத்தில் ஒன்று வாங்குகிறார்கள், அதனால் நாமும் என்பது காரணம். இன்றைக்கு வல்லரசுகள் பேசுகிற பதிலடித் தீர்வை புதிதில்லை. வள்ளுவரும் 756-ஆம் குறளில் உல்குபொருளை அரசனுக்கு உரிய செல்வங்களில் ஒன்றாக வைக்கிறார். ஆக, வாசலில் வாங்குவதே பாவம் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. யோவான் ஸ்நானகரிடம் ஆயக்காரர்கள் போய் நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டபோது, வேலையை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். ஆயக்காரர் தலைவன் சக்கேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். அவனையும் இயேசு ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. மத்தேயு மட்டும்தான் எழுந்தார். ஏன் அவர் மட்டும்?

பூசை முடிந்து பேருந்தில் திரும்பும்போது ஒருநாள் இதற்கு எனக்கு ஒரு பதில் தோன்றியது. குருத்துவம் படித்தவர்கள் சிரிக்கக்கூடும்.

எனக்குச் சனிக்கிழமை ஒரு டின் பீர் உண்டு. தொழில் புத்தி போகாது, கணக்குப் போடுவேன். 330 மில்லி, நூற்றுக்கு ஐந்து சாராயச் சத்து. ஒரு லிட்டர் சாராயச் சத்துக்குக் கலால் 60 வெள்ளி, சுங்கம் 16 வெள்ளி. என் டின்னில் தீர்வையாக அரசுக்குப் போவது 1 வெள்ளி 25 காசு. விஸ்கி என்றால் லிட்டர் சத்துக்கு 88 வெள்ளி, அதாவது 700 மில்லி புட்டியில் 24 வெள்ளி 64 காசு. சிகரெட்டுக்கு 2023-இல் ஒன்றுக்கு 49.1 காசு ஆக்கினார்கள், அப்போது இருபது கொண்ட பெட்டிக்கு 9 வெள்ளி 82 காசு. இவ்வளவு விலை ஏற்றினால் நீ விட்டுவிடுவாய் என்று அரசு சொல்கிறது. நான் விட்டுவிட்டால் அதற்குச் சந்தோஷமா? நான் ஒருவன் விட்டால் சந்தோஷம்தான். எல்லாரும் நாளைக் காலையில் விட்டால்? அன்றைக்கு நிதியமைச்சர் சிரிப்பாரா என்பதுதான் நான் மேலே சொன்ன பெரிய கேள்வி.

பாவத்துக்குத் தீர்வை போடுகிறவன் அந்தப் பாவத்தில் பங்காளி ஆகிவிடுகிறான். திருட்டுக்காக அல்ல, அதிகம் வாங்கியதற்காகவும் அல்ல, இந்தப் பங்காளித்தனத்துக்காகத்தான் ஆயக்காரனையும் பாவியையும் வேதம் ஒரே பந்தியில் உட்காரவைத்தது என்று நினைக்கிறேன். ஒருவனுடைய கெட்ட பழக்கம் இன்னொருவனுடைய மாத வருமானம். மத்தேயுவுக்கு அந்த மேசையை வைத்துக்கொண்டு திருந்த முடியாது என்று தெரிந்திருக்கும். அதனால் எழுந்தார்.

அரசு எழுந்து போக முடியுமா? மருத்துவமனை நடத்த வேண்டும், கடல் அரிக்கிற கரைக்குக் கல் கட்ட வேண்டும். முடியாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு மேசையையாவது விட்டு எழுந்த உதாரணங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் மின்சிகரெட்டுக்கு வரி போட்டு நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். போடவில்லை, 2018-இல் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அந்த இடத்தில் என் நாட்டை நான் மெச்சுகிறேன். மாலத்தீவு அதைத் தாண்டி ஒரு படி போனது. 2024 நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கான தீர்வையை 3 ரூஃபியாவிலிருந்து 8 ரூஃபியாவாக ஏற்றினார்கள். இதுவரை எல்லா அரசும் செய்கிற வேலைதான். அடுத்த ஆண்டு 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகையிலையே கூடாது என்று சட்டம் போட்டார்கள். இதன் அர்த்தத்தைக் கணக்கர்கள்தான் சட்டென்று பிடிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் புகைக்கிறவர்கள் வயதாகிக் குறைவார்கள், புதிதாக யாரும் சேரமாட்டார்கள், எட்டு ரூஃபியா வருகிற அந்தக் குழாய் தானாக வற்றும். கடையில் கள்ளச் சிகரெட் ஓடும், சட்டம் ஓட்டையாகும், அதெல்லாம் இருக்கும். இருந்தாலும் தன் வருமானத்துக்குத் தானே சாவுத்தேதி எழுதிய அரசு அது. என் தராசில் நூற்றுக்கு ஐந்தைவிட அந்தப் பத்து கனமாக நிற்பது இதனால்தான்.

அப்பா 1999-இல் இறந்தார். பீடி கடைசிவரை நிற்கவில்லை. அவருக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லியிருந்தால், துவாலை சுற்றிக் கொடுத்த அந்தப் பையனின் பேரன் போட்ட சட்டமா என்று கேட்டிருப்பார்.

அந்தத் தடை வெளிநாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். 2007-இல் பிறந்த ஒரு ஜெர்மன் பையன் இன்று மாலேயில் இறங்கிப் படகேறி ரிசார்ட் தீவுக்குப் போனால், அவனுக்குச் சிகரெட் கிடைக்காது. பீர் கிடைக்கும்.